இடுப்பு வலி யார் குற்றம்?

சுமைதாங்கிக் கல் சொல்லும் பாடம்

திருத்தணி மலைக்கு 365 படிகள் உண்டு. ஆண்டுக்கு எத்தனை நாளோ, அத்தனை படி!

டிசம்பர் 31-ந் தேதி அங்கே படித் திருவிழா நடக்கும். ஒவ்வொரு படியிலும் பெண்கள் குனிந்து மஞ்சள் பூசுவார்கள். குங்குமம் வைப்பார்கள். கற்பூரம் ஏற்றுவார்கள். திருப்புகழ் பாடியபடி மேலே ஏறுவார்கள்.

இந்த விழாவைத் தொடங்கி வைத்தவர் வள்ளிமலை சுவாமிகள். வெள்ளைக்காரர் ஆட்சியில், ஜனவரி முதல் தேதி வந்தால் துரைமார்களைப் போய்ப் பார்த்து வணங்குவது வழக்கமாக இருந்தது. அந்த வணக்கத்தை முருகன் பக்கம் திருப்பினார் அவர்.

ஒரே நாளில் 365 முறை குனிந்தால் என்ன ஆகும்? மறுநாள் தொடை வலிக்கும், இடுப்பு வலிக்கும். நாலைந்து நாளில் சரியாகிவிடும். அது திருவிழா வலி. அதைப் பற்றிக் கவலை இல்லை.

ஆனால், ஆண்டு முழுவதும் குனிகிறவர்கள் இருக்கிறார்கள். வாசல் கூட்டக் குனிகிறார்கள். குடம் தூக்கக் குனிகிறார்கள். நாற்று நடக் குனிகிறார்கள். மூட்டை தூக்கக் குனிகிறார்கள். இவர்களுக்கு வரும் வலி நாலு நாளில் போய்விடும் என்று சொல்ல முடியாது. போனாலும், திரும்பத் திரும்ப வருகிறது.

குழாயடியில் இந்தப் பேச்சைக் கேட்காதவர் யார்?

"என்ன அக்கா, இடுப்பைப் பிடிச்சிக்கிட்டு உட்கார்ந்துட்டீங்க?"

"குடத்தைத் தூக்கினேன், தங்கச்சி. பளிச்சுன்னு பிடிச்சிக்கிச்சு. வயசாகுதில்லே!"

அந்த அக்காவுக்கு வயது முப்பத்தைந்துதான் இருக்கும்!

வயது என்கிறார்கள். பலம் போதவில்லை என்கிறார்கள். விதி என்கிறார்கள். உண்மையில் யார் குற்றம்? அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

61 கோடிப் பேர்!

இது ஒரு தெருவின் கதை அல்ல. உலகத்தின் கதை.

2020-ம் ஆண்டில் உலகம் முழுவதும் 61 கோடியே 90 லட்சம் பேருக்கு இடுப்பு வலி இருந்தது என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. 2050-ல் இது 84 கோடியே 30 லட்சம் ஆகிவிடும் என்றும் கணக்கிட்டு இருக்கிறார்கள். மனிதனை வேலை செய்ய விடாமல் முடக்கிப் போடுவதில், உலகிலேயே முதல் இடம் இந்த வலிக்குத்தான். ஆண்களைவிடப் பெண்களுக்கே இது அதிகம்.

இதன் காரணங்களில் மூன்றை நிபுணர்கள் முக்கியமாகச் சொல்கிறார்கள். ஒன்று, உடலை வருத்தும் வேலை. இரண்டு, புகை பிடித்தல். மூன்று, அளவுக்கு மீறிய உடல் எடை.

பின்னால் உள்ள இரண்டும் நம் கையில் உள்ளவை. முதலாவது அப்படி அல்ல. குனியாமல் சாப்பாடு இல்லை என்பவர் எப்படிக் குனியாமல் இருப்பார்?

முதுகுக்குள் என்ன நடக்கிறது?

இடுப்புப் பகுதியில் 5 முள்ளெலும்புகள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி இருக்கின்றன. ஒவ்வொரு எலும்புக்கும் நடுவே ஒரு சிறு மெத்தை உண்டு. இதைத்தான் "டிஸ்க்" என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். இந்த அடுக்கைச் சாய விடாமல் பின்னால் இருந்து இழுத்துப் பிடிப்பவை முதுகுத் தசைகள்.

மளிகைக் கடைத் தராசை நினைத்துப் பாருங்கள். நடுவிலிருந்து இரண்டு பக்கமும் ஒரே நீளம். அதனால், இந்தத் தட்டில் ஒரு கிலோ வைத்தால், அந்தத் தட்டிலும் ஒரு கிலோ போதும்.

முதுகு அப்படிப்பட்ட தராசு அல்ல. சுமை இருக்கும் பக்கம் நீளம். தசை இருக்கும் பக்கம் மிகவும் குட்டை!

20 கிலோ சுமையை உடம்பிலிருந்து 50 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்துத் தூக்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதுகுத் தசை எலும்புக்குப் பின்னால் சுமார் 5 சென்டிமீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது. பத்தில் ஒரு பங்கு தூரம்! ஆகவே, தசை பத்து மடங்கு இழுக்கவேண்டும். 20 கிலோ குடத்துக்கு 200 கிலோ இழுப்பு! குனியும்போது உங்கள் தலையும் மார்பும்கூட முன்னால் தொங்கும் சுமைதான். அதையும் அந்தத் தசையே தாங்க வேண்டும்.

இது வெறும் கணக்கு அல்ல. அளந்தே பார்த்துவிட்டார்கள்!

1999-ல் ஜெர்மனி நாட்டு விஞ்ஞானிகள் ஒரு காரியம் செய்தார்கள். தாமாக முன்வந்த ஒரு மனிதரின் டிஸ்கிலேயே சிறு கருவியை வைத்து, அழுத்தத்தை அளந்தார்கள். கிடைத்த முடிவைப் பாருங்கள்:

படுத்திருக்கும்போது அழுத்தம் மிகக் குறைவு. நிற்கும்போது இருப்பதில் ஐந்தில் ஒரு பங்குதான்.

20 கிலோவை மார்போடு சேர்த்துப் பிடித்து நின்றால், வெறுமனே நிற்பதைவிட இரண்டு மடங்குக்குச் சற்று அதிகம்.

அதே 20 கிலோவை முழங்காலை மடக்கித் தரையிலிருந்து தூக்கினால், சுமார் மூன்றரை மடங்கு.

முதுகை வளைத்துக் குனிந்து தூக்கினால், நாலரை மடங்குக்கும் மேல்!

இதில் கவனிக்க வேண்டியது என்ன? சுமை ஒன்றுதான். மனிதரும் ஒருவர்தான். சுமை எங்கே இருந்தது, எப்படி எடுத்தார் என்பது மட்டுமே மாறியது. முதுகின் கஷ்டம் இரண்டிலிருந்து நாலரைக்குப் போய்விட்டது.

சுமப்பது ஒரு கஷ்டம். தரையிலிருந்து எடுப்பது அதைவிடப் பெரிய கஷ்டம்!

முன்னோர் வைத்த கல்

இந்த ரகசியம் நம் முன்னோருக்குத் தெரியும்.

பழைய சாலை ஓரங்களில் சுமைதாங்கிக் கல்லைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு கல்லை நட்டு, அவற்றின் மேல் ஒரு கல்லைப் படுக்க வைத்திருப்பார்கள். தலைச்சுமையோடு நெடுந்தூரம் நடந்து வருகிறவர், குனியாமல் சுமையை அதன்மேல் இறக்கி வைப்பார். களைப்பு ஆறியதும், குனியாமலே தலைக்கு ஏற்றிக்கொண்டு போய்விடுவார். துணைக்கு ஆள் தேவை இல்லை.

பிள்ளை பெறாமலே இறந்துபோன கர்ப்பிணிப் பெண்ணின் நினைவாக இந்தக் கல்லை நடுவது வழக்கம். வயிற்றுச் சுமையை இறக்காமல் போனவள் பெயரால், வழிப்போக்கர் சுமையை இறக்கட்டும் என்ற எண்ணம்!

காவடியையும் பாருங்கள். ஆடிக் கிருத்திகை அன்று திருத்தணி மலை காவடிகளால் நிறைந்துவிடும். காவடியில் சுமை இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறது. தோளில் உட்கார்ந்து, உடம்பை ஒட்டியே நிற்கிறது. அதனால்தான் அதோடு மலை ஏற முடிகிறது.

சும்மாடு, காவடி, சுமைதாங்கி. மூன்றுக்கும் ஒரே தத்துவம்தான். சுமை உடம்பை ஒட்டி இருக்கட்டும். தரைக்குப் போகாமல் இருக்கட்டும்.

இன்று நாம் என்ன செய்கிறோம்? குழாயைத் தரையோடு தரையாக வைக்கிறோம். அரிசி மூட்டையைத் தரையில் போடுகிறோம். தண்ணீர் கேனைத் தரையில் வைக்கிறோம். பிறகு, "குனிந்து தூக்கினால் இடுப்பு வலிக்கிறது" என்கிறோம்!

கைப்பிடி நீண்ட கதை

வயலுக்கு வருவோம். திருத்தணி வட்டாரத்தில் நெல் உண்டு, கரும்பு உண்டு, வேர்க்கடலை உண்டு. களை எடுக்கும் களைக்கொத்தின் பிடி எவ்வளவு நீளம்? ஒரு முழம் இருந்தால் அதிகம். அதைப் பிடித்தவர் குனிந்துதான் ஆகவேண்டும்.

இதே கதை அமெரிக்காவிலும் நடந்தது. கலிபோர்னியா மாநிலத்தில் கீரை, சர்க்கரை பீட் தோட்டங்களில், குட்டைப் பிடி உள்ள மண்வெட்டியையே கூலித் தொழிலாளர்களுக்குக் கொடுத்து வந்தார்கள். நாள் முழுவதும் குனிந்தே வேலை. பலருக்கு முதுகு கெட்டுப்போனது. புகழ்பெற்ற விவசாயத் தொழிலாளர் தலைவர் சீசர் சாவேசும், தம் முதுகு வலிக்கு அந்த மண்வெட்டியே காரணம் என்று சொல்லி வந்தார்.

தொழிலாளர்கள் வழக்குப் போட்டார்கள். நீண்ட பிடி போட்டால் பயிர் கெட்டுவிடும் என்று தோட்டக்காரர்கள் வாதாடினார்கள். 1975-ல் தொழிலாளர் பக்கம் தீர்ப்பு ஆயிற்று. குட்டை மண்வெட்டி போயிற்று. நீண்ட மண்வெட்டி வந்தது. பயிர் கெட்டுப்போகவில்லை. மனிதர் நிமிர்ந்தார்!

நம் நாட்டிலும் அதற்கு வழி இருக்கிறது. செம்மை நெல் சாகுபடியில் "கோனோவீடர்" என்ற உருளும் களைக் கருவியைப் பயன்படுத்துகிறார்கள். வரிசையாக நட்ட பயிருக்கு நடுவே, நின்றபடியே அதைத் தள்ளிக்கொண்டு போகலாம். களை மண்ணுக்குள் அமுங்கிவிடும். நாற்று நடும் இயந்திரமும் வந்துவிட்டது.

ஆனால், கருவி வரும்போது ஒரு கேள்வியும் கூடவே வரும். குனிந்து நட்ட பெண்ணுக்கு நிமிர்ந்து செய்யும் வேலை கிடைக்குமா? அல்லது வேலையே போய்விடுமா? அந்தக் கருவியை ஓட்டவும் பெண்களுக்கே கற்றுக் கொடுத்தால், முதுகும் பிழைக்கும், பிழைப்பும் நிலைக்கும்.

மூட்டை எத்தனை கிலோ?

ஒரு மனிதனை எத்தனை கிலோ தூக்கச் சொல்லலாம்?

1967-ல் ஜெனீவாவில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் மாநாடு, இதற்காக ஓர் ஒப்பந்தத்தை நிறைவேற்றியது. அதோடு சேர்ந்த பரிந்துரையில், வளர்ந்த ஆண் தொழிலாளிக்கு 55 கிலோவுக்கு மேல் சுமத்தக் கூடாது என்ற அளவு சொல்லப்பட்டது. பெண்களுக்கும் இளைஞர்களுக்கும் இதைவிட மிகவும் குறைவாக இருக்கவேண்டும் என்றும் கூறப்பட்டது. இந்தியா 2010-ல்தான் அந்த ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டது. 43 ஆண்டுகள் கழித்து!

அமெரிக்க அரசாங்கத்தின் தொழில் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் சொல்லும் அளவு வேறு. எல்லாம் சாதகமாக இருந்தால்கூட 23 கிலோதான்! அதாவது, சுமை உடம்பை ஒட்டி இருக்கவேண்டும். இடுப்பு உயரத்தில் இருக்கவேண்டும். உடம்பைத் திருக்கக் கூடாது. தரையிலிருந்து எடுத்தால் 23 இன்னும் குறைந்துவிடும்.

ஒரு சிமெண்டு மூட்டை 50 கிலோ. ஜெனீவா கணக்குப்படி அது சரி. முதுகின் கணக்குப்படி இரண்டு மடங்குக்கும் அதிகம்! இங்கிலாந்தில் சிமெண்டை 25 கிலோ பையில் விற்கிறார்கள். அங்கேயும் வீடுகள் எழும்பிக்கொண்டுதான் இருக்கின்றன.

பையின் அளவை மாற்ற முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2022 ஜூலை 18-ந் தேதி, 25 கிலோ வரை உள்ள அரிசிப் பைகளுக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வரி வந்தது. என்ன நடந்தது? 26 கிலோ பை கடைக்கு வந்துவிட்டது! வரிக்காக ஒரு கிலோ கூட்ட முடிகிறது. முதுகுக்காகச் சில கிலோ குறைக்க முடியாதா?

சட்டம் என்ன சொல்கிறது? காயம் உண்டாக்கக்கூடிய அளவு பாரத்தை எவரையும் தூக்க வைக்கக் கூடாது என்று 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் கூறியது. அந்தச் சட்டம், 2025 நவம்பர் 21-ந் தேதி அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் அடங்கிவிட்டது. தொழிலிடப் பாதுகாப்புக்கான அளவுகளை வகுக்கும் அதிகாரம் மத்திய அரசாங்கத்துக்கு இருக்கிறது. தமிழ்நாட்டில் சுமை தூக்கும் தொழிலாளர்களை மனதில் கொண்டு 1982-லேயே உடல் உழைப்புத் தொழிலாளர் சட்டம் வந்தது. நல வாரியமும் ஏற்பட்டது.

கூலித் தொழிலாளிக்கு இடுப்புதான் மூலதனம். கை முறிந்தால் ஊருக்குத் தெரியும். இடுப்பு பிடித்தால் வெளியே தெரியாது. "சோம்பேறி" என்ற பெயர்தான் மிஞ்சும். அன்றைய கூலியும் போய்விடும். ஆகவே, மூட்டையின் எடையைக் குறைப்பது தர்மம் அல்ல, நியாயம்.

வீட்டில் என்ன செய்யலாம்?

சட்டம் வரும் வரை காத்திருக்க வேண்டாம். வீட்டிலேயே தொடங்கலாம்.

தண்ணீர்க் குடத்தைத் தரையில் வைக்காதீர்கள். முழங்காலுக்கு மேல் உயரமுள்ள மேடையில் வையுங்கள். ஒரு முழுக் குடத்தை ஒரே முறை தூக்குவதைவிட, அரைக் குடமாக இரண்டு முறை தூக்குவது நல்லது.

20 லிட்டர் கேன் என்றால் தண்ணீர் மட்டும் 20 கிலோ. அதைத் தூக்கிக் கவிழ்க்க வேண்டாம். கேனின் வாயில் பொருத்தும் கை பம்பு கடையில் கிடைக்கிறது.

கேஸ் சிலிண்டரில் உள்ள கேஸ் 14.2 கிலோ. இரும்பையும் சேர்த்தால் சுமார் 30 கிலோ! தூக்காதீர்கள். சக்கரம் வைத்த தட்டில் தள்ளுங்கள். அல்லது இருவராகப் பிடியுங்கள். "ஏங்க, கொஞ்சம் கை குடுங்க" என்று சொன்னால், வீட்டுக்காரர் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு எழுந்து வரவேண்டும்!

விளக்குமாற்றுக்கு நீண்ட பிடி போடுங்கள். குழந்தையைத் தூக்கும்போது முதலில் உட்கார்ந்து, குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்திருங்கள். சுமை கையில் இருக்கும்போது இடுப்பைத் திருப்பாதீர்கள். காலை எடுத்து வைத்துத் திரும்புங்கள்.

காலையில் கண் விழித்ததும் முதல் வேலையாகப் பெரிய குடத்தைத் தூக்க வேண்டாம். இரவில் டிஸ்க் நீரை உறிஞ்சிப் பருத்திருக்கும். கொஞ்ச நேரம் நடமாடிய பிறகு தூக்குங்கள்.

"முழங்காலை மடக்கித் தூக்கு" என்று பாடம் சொன்னால் மட்டும் போதுமா? போதாது. தொழிலாளர்களுக்கு இந்தப் பாடத்தை நடத்திப் பார்த்த பல ஆராய்ச்சிகளை 2011-ல் நிபுணர்கள் தொகுத்துப் பார்த்தார்கள். பாடத்தால் மட்டும் முதுகு வலி குறையவில்லை! அவசரத்தில் யாருக்கும் பாடம் நினைவுக்கு வராது. பொருளைத் தரையிலிருந்து உயர்த்தி வைத்துவிட்டால், அதை நினைவில் வைக்க வேண்டியதே இல்லை.

வலி வந்துவிட்டால்?

முதலில், பயப்படாதீர்கள். இடுப்பு வலியில் பத்தில் ஒன்பது பங்கு, தனியான நோய் எதையும் காட்ட முடியாத வலிதான். பெரும்பாலும் சில வாரங்களில் தணிந்துவிடும். எல்லோருக்கும் ஸ்கேன் தேவை இல்லை.

இரண்டாவது, படுத்தே கிடக்காதீர்கள். இங்கேதான் பலர் தவறிவிடுகிறார்கள்.

திருத்தணி 1960 ஏப்ரல் 1-ந் தேதி ஆந்திராவிலிருந்து பிரிந்து நம் மாநிலத்தோடு சேர்ந்தது. ஆனாலும், எலும்பு முறிந்தால் எல்லையைத் தாண்டிப் புத்தூருக்குப் போய்க் கட்டுப் போட்டுக்கொள்ளும் வழக்கம் இன்றும் உண்டு. முறிந்த எலும்பு அசையக் கூடாது, அதனால் கட்டு. பிடித்துக்கொண்ட இடுப்பு அசையவேண்டும். அசையாமல் வைத்தால் தசை மேலும் இறுகும். தாங்கும் அளவுக்கு நடங்கள். வழக்கமான சிறு வேலைகளைச் செய்யுங்கள்.

நீண்ட நாள் இடுப்பு வலி பற்றி 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் வழிமுறைகளை வெளியிட்டது. உடற்பயிற்சி, வலியைப் பற்றிய விளக்கம் ஆகியவற்றுக்கு அது இடம் கொடுத்தது. இடுப்பு பெல்ட்டையும், எடை கட்டி இழுக்கும் சிகிச்சையையும் வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்று கூறியது. கடையில் தாமாகவே வலி மாத்திரை வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவதும் ஆபத்து. வயிறும் சிறுநீரகமும் கெடும்.

பயிற்சியைச் சொல்லித் தர அரசு மருத்துவமனைகளில் பிசியோதெரபி நிபுணர்கள் இருக்கிறார்கள். 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்திலும், வீட்டுக்கே வந்து இந்தப் பயிற்சி கொடுக்க ஏற்பாடு செய்யப்பட்டது.

தாமதிக்கக் கூடாத அறிகுறிகள்

கீழே உள்ளவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும், உடனே டாக்டரிடம் போகவேண்டும்:

சிறுநீர் வராமல் போனாலும், சிறுநீரோ மலமோ அடக்க முடியாமல் போனாலும்.

பிறப்பு உறுப்பைச் சுற்றி மரத்துப்போனால்.

கால் பலம் இழந்தால்.

காய்ச்சலோ, காரணம் இல்லாமல் உடல் மெலிவதோ சேர்ந்து இருந்தால். முதுகெலும்பிலும் காசநோய் வரும் என்பதை மறக்க வேண்டாம்.

கீழே விழுந்த பிறகு வலி வந்தால்.

படுத்தாலும் குறையாமல், இரவிலும் வலி வாட்டினால்.

நாலு செங்கல் போதும்

இப்போது சொல்லுங்கள். முப்பத்தைந்து வயது அக்காவின் இடுப்பு பிடித்துக்கொண்டது யார் குற்றம்?

வயதின் குற்றம் அல்ல. விதியும் அல்ல. தரையில் வைத்த குடத்தின் குற்றம். குட்டைப் பிடியின் குற்றம். 50 கிலோ மூட்டையின் குற்றம். இவை எல்லாம் மனிதர் செய்தவை. மனிதர் நினைத்தால் மாற்றலாம்.

அரசாங்கம் மூட்டையின் எடையைக் குறைக்கட்டும். வியாபாரிகள் அரிசி மூட்டையைப் பலகை மேடையில் அடுக்கட்டும். விவசாயிகள் களைக்கொத்துக்கு நீண்ட பிடி போடட்டும்.

உங்கள் தெருக் குழாய்க்குக் கீழே ஒரு மேடை இருக்கிறதா என்று நாளைக்குப் பாருங்கள். இல்லை என்றால், நகராட்சிக்கோ பஞ்சாயத்துக்கோ எழுதிக் கேளுங்கள். பெரிய செலவு ஒன்றும் இல்லை. நாலு செங்கல், ஒரு கரண்டி சிமெண்டு. குடத்தை அதன்மேல் வைக்கும் ஒவ்வொரு பெண்ணும் ஒரு முறை குறைவாகக் குனிவாள்.